தையூரில் ஒரு 'குட்டிக் கடல்': திருவொற்றியூருக்கு என்ன பயன்?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போனால் கடற்கரைன்னு சொல்ல மணல் பெருசா இருக்காது. நீளத்துக்கும் கருங்கல்தான். இந்த மாதிரி கட்டுமானங்களைக் கடலில் கட்டும் முன்பே சோதித்துப் பார்க்கும் ஆய்வகம் ஒன்று, சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. அது வடசென்னைக்கு ஏன் முக்கியம்?

என்ன வசதி அது?

கேளம்பாக்கம் அருகே தையூரில் சென்னை ஐஐடியின் டிஸ்கவரி வளாகம் உள்ளது. துறைமுகங்கள், நீர்வழிகள், கடற்கரைகளுக்கான தேசியத் தொழில்நுட்ப மையத்தை, 2023 ஏப்ரல் 24-ல் மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் இங்கே திறந்து வைத்தார். செலவு ரூ.77 கோடி. ஐஐடியின் கடல் பொறியியல் துறைதான் இதன் பின்பலம். அதே ஆண்டு நவம்பரில், ஆசியாவிலேயே மிகப்பெரிய ஆழம் குறைந்த அலைத் தொட்டியும் இந்த வளாகத்தில் தயார் என ஐஐடி அறிவித்தது.

தொட்டிக்குள் கடல் எப்படி?

துறைமுகச் சுவரைச் சின்ன மாடலாகச் செய்து தண்ணீருக்குள் வைப்பாங்க. ஓரத்தில் உள்ள இயந்திரம் அலையை உருவாக்கும். மாடல் நூறில் ஒரு பங்கு என்றால், 3 மீட்டர் அலை 3 சென்டிமீட்டர் ஆகிவிடும். கடலில் 10 விநாடிக்கு ஒருமுறை வரும் அலை, தொட்டியில் விநாடிக்கு ஒன்று வரும். கல் சரியுமா, கப்பல் நிற்கும் இடம் அமைதியா இருக்குமா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

வடசென்னைக்கு ஏன் இது தேவை?

நம்ம கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி, மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்தில் தொடங்கிக் கரை கரைந்தது. அதைத் தடுக்க 2004-ல் ராயபுரம் - எண்ணூர் வழியில் 10 தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. 2001-ல் எண்ணூர் துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்) வந்தபின், அதே கவலை பழவேற்காடு பக்கமும் நகர்ந்தது.

அப்போ பிரச்னை தீர்ந்துடுமா?

தொட்டி மட்டும் போதாது. அலையைச் சுருக்கலாம், மணலைச் சுருக்குவது கஷ்டம். நூறில் ஒரு பங்காக்கினால் அது களிமண் மாதிரி ஆகிடும், கடல் மணல் போல நகராது. அதனால் கம்ப்யூட்டர் கணக்கீடும், வருஷக்கணக்கில் கரையை அளப்பதும் கூடவே வேணும்.

அடுத்த முறை உங்க ஊர்க் கரையில் கல் கொட்ட வந்தால் ஒரு கேள்வி கேளுங்க: சோதனை செஞ்சப்போ, வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்தையும் சேர்த்துப் பார்த்தீங்களா?