வளர்கிற பிள்ளைக்குப் பெரிய பூட்ஸா?

பிள்ளையார்பட்டியில் பனிக்கட்டி விழுவதில்லை. மார்கழி விடியலில் புல் நுனியில் கொஞ்சம் பனி நிற்கும். வெயில் ஏறியதும் அதுவும் காணாமல் போகும்.

அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பனிச்சறுக்குப் பூட்ஸைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

பிள்ளையார்பட்டிக் கோயில் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்று. அந்தக் காலத்தில் செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் படிக்கிறார்கள். சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் ஈழத்தமிழர் குடும்பங்கள் வேர் விட்டுவிட்டன. சுவிட்சர்லாந்தில் பல பள்ளிக்கூடங்கள் குளிர்காலத்தில் மாணவர்களைப் பனிச்சறுக்கு முகாமுக்கே அழைத்துப் போகின்றன.

முகாம் என்றால் பூட்ஸ் வேண்டும். பூட்ஸ் என்றால் பணம் வேண்டும். உடனே ஊருக்குப் போன் வரும். ஊரில் இருந்து ஒரு யோசனை போகும்:

"வளர்கிற பிள்ளை. ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கு. அடுத்த வருஷமும் ஆகும்!"

பள்ளிக்கூடச் சட்டைக்கு இது நல்ல யோசனை. பாவாடைக்கு மிகவும் நல்ல யோசனை. பனிச்சறுக்குப் பூட்ஸுக்கோ இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு கால், ஒரு பலகை

பனிச்சறுக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காலுக்கு ஒரு கட்டையாக இரண்டு கட்டைகளை மாட்டிக்கொண்டு சறுக்குவது. அது ஸ்கீ. மற்றொன்று, இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று சறுக்குவது. அது ஸ்னோபோர்டு.

ஸ்னோபோர்டு வயதில் சின்னது. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண் குழந்தைகள் விளையாட இரண்டு ஸ்கீக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டினார். அந்த விளையாட்டுப் பொருளில் இருந்து இது வளர்ந்தது. 1998-ல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த ஒலிம்பிக்கில் இடம் பிடித்துவிட்டது.

இந்தியாவிலும் இது உண்டு. காஷ்மீரின் குல்மார்க்கில் 2020-ல் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் ஸ்னோபோர்டும் இருந்தது. குல்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான் என்ற ஸ்கீ வீரர், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போன ஒரே இந்தியர்.

திரும்புவதில்தான் வித்தை

சரிவில் இறங்குவது எளிது. தேங்காயை உருட்டிவிட்டால் அதுவும் இறங்கும்! திரும்புவதில்தான் வித்தை இருக்கிறது.

பலகையின் வாலை அப்படியும் இப்படியும் தள்ளித் திருப்பலாம். துடைப்பத்தால் வாசல் பெருக்குவது போல அது பனியை வாரி இறைக்கும். புதிதாகக் கற்பவர்கள் இப்படித்தான் திரும்புவார்கள்.

இன்னொரு முறைக்குக் கார்விங் என்று பெயர். பலகையின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு இருக்கிறது. பலகையைச் சாய்த்து அந்த விளிம்பிலேயே ஓடுவதுதான் கார்விங். பனி இறையாது. கத்தியால் கீறியது போல ஒரே ஒரு மெல்லிய வளைகோடு பின்னால் விழும்.

பலகை தானாக வளைந்து ஓடுவது எப்படி?

உடுக்கையைப் பாருங்கள். இரு முனையும் அகலம். நடு இடுப்பு குறுகல். பலகையும் அப்படித்தான். அதைச் சாய்த்து அழுத்தினால் நடுப்பகுதி இறங்கிப் பனியைத் தொடும். பலகை வில்லாக வளையும். வளைந்த வழியிலேயே ஓடும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு குறுகலாகத் திரும்பும்.

சைக்கிளில் வேகமாக வளைவு திரும்பும் பையன் உள்பக்கம் சாய்கிறான் அல்லவா? அதே சங்கதிதான்.

ஹார்டு பூட்ஸ் எதற்கு?

வாடகைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது மெத்தென்ற பூட்ஸ். கற்றுக்கொள்ள அது போதும். பையனோ பெண்ணோ நன்றாகப் பழகி, கார்விங்கில் ஆசை வைத்து, பந்தயத்துக்கும் போக விரும்பினால் ஹார்டு பூட்ஸ் தேவைப்படுகிறது.

அது பிளாஸ்டிக் ஓடு. உள்ளே மெத்தை உறை. முன்பக்கம் வரிசையாக இறுக்கும் கொக்கிகள். பார்ப்பதற்கு ஸ்கீ பூட்ஸ் போல இருக்கும். ஆனால் கணுக்காலில் அதைவிடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பூட்ஸின் முன்னும் பின்னும் கம்பி வளையம் மாட்டிப் பலகையோடு பூட்டிவிடுவார்கள்.

எதற்கு இந்த முரட்டு ஓடு? மெத்தென்ற பூட்ஸில் கால் சாயும். பலகை சாய ஒரு கணம் தாமதிக்கும். கடின ஓட்டில் முழங்கால் சாய்ந்தால் அதே கணத்தில் பலகையும் சாயும். பூட்ஸ் ஒரு நெம்புகோலாக வேலை செய்கிறது.

நெம்புகோல் ஆட்டம் கொடுத்தால் கல் பெயருமா? பெயராது. பெரிய பூட்ஸ் என்பது ஆட்டம் கொடுக்கும் நெம்புகோல்!

பெரிய பூட்ஸ் செய்யும் கேடு

பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதானால் என்ன நடக்கும்?

முதலில் குதிகால் மேலே எழும்பும். பிள்ளை சாய்வான், பலகை சாயாது. பயந்துபோய்ப் பின்பக்கம் உட்காருவான். முன்பாதி பலகை பனியைப் பிடிக்காது. விழுவான். விழும்போது கையை ஊன்றுவான். ஸ்னோபோர்டு கற்கும் புதியவர்களுக்கு அதிகமாக அடிபடும் இடம் மணிக்கட்டுதான்.

இன்னொன்றும் நடக்கும். பூட்ஸ் ஆடுகிறதே என்று கொக்கிகளை இறுக்குவான். ரத்த ஓட்டம் குறையும். விரல்கள் மரத்துப்போகும். குளிர் ஏறும். "போதும் அப்பா, வீட்டுக்குப் போகலாம்" என்பான். நாமோ பிள்ளைக்குத் தைரியம் போதாது என்போம்!

காலுறையை இரண்டாகப் போட்டு இடைவெளியை அடைக்கலாமே என்பார் சிலர். அதுவும் தவறு. இரண்டு உறைகள் ஒன்றோடொன்று வழுக்கும். மடிப்பு விழுந்து புண்ணாகும். வியர்த்து ஈரமானால் குளிர் இன்னும் கூடும். நீளமான ஒரே ஒரு காலுறைதான் நல்லது.

அளவு பார்ப்பது எப்படி?

இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை.

தரையில் காகிதத்தை விரியுங்கள். பிள்ளையைச் சுவரில் குதிகால் படும்படி நிற்கவையுங்கள். நீளமான விரலின் நுனியில் பென்சிலால் கோடு போடுங்கள். சுவரில் இருந்து கோடு வரை எத்தனை சென்டிமீட்டரோ அதுவே சைஸ். 24 சென்டிமீட்டர் கால் என்றால் 24 என்ற சைஸில் இருந்து பார்க்கத் தொடங்க வேண்டும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பலருக்கு ஒரு கால் சற்று நீளமாக இருக்கும்.

கடையில் இன்னொரு சோதனை உண்டு. உள்மெத்தையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விடச் சொல்லுங்கள். விரல் முன்பக்கம் தொடட்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒன்று முதல் இரண்டு விரல் கனம் இடம் இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் பூட்ஸ் பெரிது. எவ்வளவு அழகான நிறமானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

மெத்தையோடு மாட்டி நேரே நின்றால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்கும். குதிகால் எழக் கூடாது. நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் நல்ல பூட்ஸும் கடிக்கும்!

பலகையில் பூட்டும்போது

கார்விங் பலகை குறுகலானது. இடுப்பு சுமார் 20 சென்டிமீட்டர்தான் இருக்கும். 26 சென்டிமீட்டர் கால் குறுக்கே நின்றால் விரலும் குதிகாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாயும்போது அவை பனியில் இடித்துப் பிள்ளையைத் தூக்கி எறிந்துவிடும்.

ஆகவே காலைப் பலகையின் முன்முனையை நோக்கித் திருப்பிப் பூட்டுகிறார்கள். முன்கால் 55 முதல் 65 டிகிரி வரை இருப்பது வழக்கம். பின்கால் அதைவிடச் சில டிகிரி குறைவு. பூட்ஸ் பெரிதானால் இந்தக் கணக்கும் கெடும். இன்னும் அதிகமாகத் திருப்ப வேண்டி வரும்.

இரண்டு காலுக்கும் நடுவே பெரியவர்களுக்குச் சுமார் 45 முதல் 50 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். குள்ளமானவருக்குக் குறையும். முன்காலின் விரல் பக்கத்திலும், பின்காலின் குதிகால் பக்கத்திலும் சிறிய சாய்வுக் கட்டை வைத்து உயர்த்துவதும் உண்டு. முழங்கால்கள் இயல்பாக மடங்குவதற்கு அது உதவும்.

இத்தனை சிறிய கட்டையில் என்ன வரப்போகிறது என்று நினைக்க வேண்டாம். பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் திருவிழாவுக்குத் தேர் ஓடும். ஊரே வடம் பிடிக்கும். ஆனாலும் சக்கரத்தடியில் ஒருவர் சரியாக வைக்கும் முட்டுக்கட்டைதான் தேரைத் திருப்புகிறது. இங்கும் அப்படியே.

பனியில் இறங்கியதும்

சாய்வு குறைந்த, அகலமான சரிவில் தொடங்க வேண்டும். முதலில் குறுக்கே ஓடி ஒரு விளிம்பில் மட்டும் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கோடு மெல்லியதாக விழுந்தால் பலகை கீறுகிறது. பட்டையாக விழுந்தால் பெருக்குகிறது. ஆசிரியர் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். கோடு பொய் சொல்லாது!

காலைப் பார்க்கக் கூடாது. போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். மடங்க வேண்டியது முழங்கால். இடுப்பில் கூன் போடக் கூடாது. பனியைக் கையால் தொடும் ஆசையில் குனிந்தால் விளிம்பு பிடி விடும். வேகம் கூடினால் பயந்து பின்னால் சாயாமல், வளைவை முழுதாகச் சுற்றி முடிக்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே வந்தால் வேகம் தானே அடங்கும்.

புறப்படும் முன் மேலே திரும்பிப் பார்ப்பது கட்டாயம். கார்விங் செய்பவர் அகலமாகக் குறுக்கே போவார். மேலே இருந்து வேறு யாரேனும் வரலாம். கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டியது மேலிருந்து வருபவரின் கடமை. சர்வதேச விதியே அதுதான். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இந்த வித்தையின் உச்சத்தில் இருப்பவர் செக் நாட்டு வீராங்கனை எஸ்டர் லெடெட்ஸ்கா. 2018-ல் தென்கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஸ்கீ ஓட்டத்தில் ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றார். ஒரு வாரம் கழித்து, ஹார்டு பூட்ஸ் மாட்டி ஸ்னோபோர்டிலும் தங்கம் வென்றார். நூறில் ஒரு வினாடி! ஆடுகிற பூட்ஸை மாட்டியவருக்கு அது கிடைக்குமா?

செலவுக்கு என்ன வழி?

"எல்லாம் சரி. வருஷம் ஒரு பூட்ஸ் வாங்க எங்கே போவது?" என்று அம்மாமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

வாங்கவே வேண்டாம் என்பேன். கால் வளர்கிற வயதில் வாடகைக்கு எடுங்கள். பனி நாடுகளில் ஒரு குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்து வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. அடுத்த குளிர்காலத்துக்கு அடுத்த அளவு. அண்ணன் பூட்ஸ் தம்பி காலுக்குச் சரியாக இருந்தால் அதையும் போடலாம். ஆனால் தம்பியின் காலையும் அளந்துவிட்டுப் போடுங்கள்.

பழைய ஹார்டு பூட்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று கண்ணை மூடி வாங்கக் கூடாது. பல வருஷம் கிடந்த பிளாஸ்டிக் குளிரில் உடைந்துபோகக் கூடியது. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹார்டு பூட்ஸைச் சொந்தமாக வாங்குவது, கால் வளர்ச்சி நின்று, ஆசையும் நிலைத்த பிறகு போதும்.

சிக்கனம் நம் ஊர்க் குணம். அதை விடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் உழைக்கட்டும் என்று வாங்கிய பூட்ஸ் முதல் வாரமே பிள்ளையின் கையை உடைத்தால் அது சிக்கனமா? மருத்துவச் செலவு பூட்ஸ் விலையோடு நிற்குமா?

ஆகவே பாட்டிமார்களே, தாத்தாமார்களே! அடுத்த முறை வெளிநாட்டில் இருந்து போன் வந்தால் "பெரிதாக வாங்கு" என்று சொல்லாதீர்கள். "காலை அளந்தாயா?" என்று கேளுங்கள். பேரனுக்கும் பேத்திக்கும் நீங்கள் செய்யும் பெரிய உதவி அது.