கோலும் குணமும்

கோல் பிடித்த கை கொடுமைக்குப் பழகிவிடும் என்று அஞ்சும் பெற்றோர் உளர். படிக்கும் பிள்ளையின் கையில் சிலம்பக் கோலைக் கொடுப்பானேன், நாளை அவன் தெருவிலே வம்பு வளர்ப்பதற்கோ என்பது அவர்தம் வினா. இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. படைக்கலப் பயிற்சி ஒன்றே ஒருவனை நன்றியுடையவன் ஆக்கிவிடும் எனின், பாரதக் கதையில் துருபதன் துரோணரை இகழ்ந்திருக்க மாட்டான். இருவரும் அக்கினிவேசரிடம் ஒருங்கே வில் பயின்ற தோழர்கள். அரசு எய்தினால் அதில் பாதி உனக்கு என்று இளமையில் சொன்னவன் துருபதன். அரசு எய்திய பின்போ, வறுமையுற்று வந்த தோழனை அறியாதவன் போல் அவையில் அவமதித்து அனுப்பினான். அவன் கற்ற வில் அம்பு விடுவதற்குப் பயன்பட்டது. பழைய நட்பை நினைப்பதற்குப் பயன்படவில்லை.

ஆகவே, கோலைச் சுழற்றினால் குணம் தானே வந்தடையும் என்று கூறுதல் மிகையாகும். கோல் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்று பார்த்த பின்னரே இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூற வேண்டும்.

மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையின் அருகே, நாகமலை படுத்த பாம்பு போல் நீண்டு கிடக்கிறது. அதன் அடிவாரத்து ஊர் நாகமலை புதுக்கோட்டை. மதுரையைச் சூழ்ந்த இந்நிலப்பகுதியில் சிலம்பம் வழிவழியாகப் பயின்று வரும் கலை. அதற்கு மாளிகை வேண்டுவதில்லை. கல்லும் முள்ளும் களைந்த தரையும், ஆடுவோன் நெற்றியளவு உயர்ந்த மூங்கிற் கோலும் போதும். இன்று சிறுமியரும் சிறுவரோடு ஒப்பக் களம் புகுகின்றனர்.

புதிதாக வந்த பிள்ளை முதலில் கேட்பது கோலைத்தான். தேர்ந்த ஆசான் அதனை உடனே கொடுப்பதில்லை. காலை எங்கே வைப்பது, எப்போது பெயர்ப்பது என்னும் காலடி வரிசையே முதற்பாடம். வெறுங்கையோடு நாட்கள் கழியும். சலித்து ஓடிவிடுவோரும் உண்டு. அவரைப் பற்றி ஈண்டுப் பேச்சில்லை. நின்றவர்க்குக் கோல் கிடைக்கும். காத்திருந்து பெற்ற அக்கோலை எவரும் மூலையில் எறிவதில்லை.

ஆட்டம் தொடங்குமுன் நிலத்தைத் தொட்டு வணங்குதலும், ஆசானை வணங்குதலும், எதிர்நிற்பவரை வணங்குதலும் மரபு. இவ்வணக்கமே நன்றியுணர்வு என்று பலர் கொள்வர். அஃது அவ்வளவு எளிதன்று. பரிசுக் கோப்பையை எண்ணியும் முதுகு குனியும். ஆசானின் கண்ணுக்கு அஞ்சியும் குனியும். வணக்கம் விதை, அது முளைக்கும் இடம் வேறு.

இருவர் கோலேந்தி எதிரெதிர் நிற்கும் இடமே அது. ஒருவன் தலையை நோக்கி வீசுகிறான். மற்றவன் தடுக்க வேண்டும். தடுக்கத் தெரியாத நாளில் என்ன ஆகும்? வீசியவன் தன் கோலை நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னே நிறுத்துகிறான். விசையோடு வரும் கோலை இடையில் நிறுத்துதல், வீசுவதினும் அரிய செயல். தோளும் மணிக்கட்டும் மட்டும் அதற்குப் போதா. சினமும் அடங்கியிருத்தல் வேண்டும். அன்று மாலை காயமின்றி வீடு திரும்பும் பிள்ளை, தன் நெற்றியைப் பொறுத்தவரை இன்னொருவனின் அடக்கத்திற்குக் கடன்பட்டவன். இதனை அவனுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காதருகே விர்ரென்று வந்து நின்ற கோலின் ஓசையே உரைத்துவிடும். மறுநாள் வீசும் முறை அவனுடையது. தனக்குச் செய்யப்பட்ட நன்மையை அவன் கை அறிந்திருக்கும்.

நிறுத்தத் தெரியாதவனை, அல்லது தெரிந்தும் நிறுத்தாதவனை, நல்லாசான் கோலை வாங்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார வைக்கிறார். அவ்வாறு செய்யாத களத்திற்குப் பிள்ளையை அனுப்பப் பெற்றோர் அஞ்சுவதில் தவறே இல்லை.

தனியே நின்றும் கோல் சுழற்றலாம். பார்ப்போர் கைதட்டவும் செய்வர். ஆனால் இடப்பக்கத்துக் காவல் தளர்ந்திருப்பதைத் தனியே சுழற்றுபவன் அறியான். அவ்விடத்தைத் தொட்டுக் காட்டுபவன் எதிர்நிற்பவனே. கோலின் நுனியில் பொடி தோய்த்து ஆடி, உடம்பிற் படிந்த பொட்டுகளை எண்ணி வெற்றி கூறும் வழக்கமும் சிலம்பத்தில் உண்டு. தோற்றவன் மேலுள்ள ஒவ்வொரு பொட்டும் அவன் காக்க மறந்த இடத்தின் அடையாளம். அதனைக் காட்டியவனுக்கு நன்றி சொல்லப் பழகிய பிள்ளை, சோறிட்ட தாய்க்கும் எழுத்தறிவித்தவர்க்கும் சொல்லத் தயங்குவானா?

ஆசான் ஒருவராகவும் பிள்ளைகள் பலராகவும் இருப்பதால், முன்னே வந்தவன் பின்னே வந்தவனுக்குக் காலடி காட்டுவது களத்து வழக்கம். தான் பெற்ற வித்தையை ஆசானுக்கே திருப்பித் தர அவனால் இயலாது. ஆகவே அக்கடன் இளையவனிடம் செலுத்தப்படுகிறது. இம்முறைக்கு அந்நிலப்பகுதியிலேயே பழைய சான்று உண்டு. நாகமலை புதுக்கோட்டைக்கு அணித்தே, கீழக்குயில்குடியில், சமணர்மலை நிற்கிறது. அங்குச் செட்டிப்புடவு என்னும் இடத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, திருமேனி ஒன்றின் கீழே காணப்படுகிறது. அதனைச் செய்வித்தவர் கனகவீரப் பெரியடிகள். தம் பெயரை மட்டும் பொறித்து அவர் அமையவில்லை. தம் ஆசிரியர் குணசேனதேவர் என்பதும், அவர்க்கு ஆசிரியர் குறண்டி அட்டோபவாசி படாரர் என்பதும் முன்னே நிற்கின்றன. குயிற்குடி ஊரார் பேரால் செய்வித்தது என்பதும் உடன் வருகிறது. இவர்கள் கொல்லாமை பூண்ட துறவியர். கோலாட்டத்திற்கும் இவர்க்கும் தொடர்பில்லை. ஆயினும், தன்னைச் சொல்லுமுன் தன் ஆசானையும் ஆசானின் ஆசானையும் சொல்லும் அவ்வொழுங்கைச் சிலம்பக் களத்துப் பிள்ளைகள் மலையேறிச் சென்று ஒருமுறை படித்து வரலாம்.

ஆசானுக்கும் கடப்பாடு உண்டு. ஏகலைவன் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்த கதையைச் செய்ந்நன்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோர் பலர். கொடுத்தவனைப் புகழலாம், கேட்டவரைப் புகழ்வதற்கில்லை. தாம் கற்பியாத வித்தைக்கு அவர் காணிக்கை கேட்டார். அதுவும் அவ்வித்தையையே அழிக்கும் காணிக்கை. நன்றியை வற்புறுத்திப் பெறும் ஆசானிடம் பிள்ளைகள் அச்சத்தை மட்டுமே கற்பர்.

இக்காலத்தில் சிலம்பத்தின் மதிப்பு உயர்ந்துள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அப்போட்டிகள் நடந்த நகரங்களுள் மதுரையும் ஒன்று. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்க்கப்பட்டுள்ளது. ஏழைப் பிள்ளைகளுக்கு இது பெரும் வாய்ப்பு. ஆயின் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் கோலை மறப்போரும் தோன்றக்கூடும். பணியில் அமர்ந்த இளைஞன் விடுமுறைக்கு ஊர் வருகிறான் என்று கொள்வோம். மாலையில் அவன் பழைய களத்திற்குச் செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம். சென்று, நேற்று வந்த சிறுவனின் எதிரே நின்று, வீசிய கோலை அவன் நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னே நிறுத்துவானாயின், முதிய ஆசான் அன்று எழுந்து வர வேண்டுவதில்லை. வேப்பமரத்தடியில் அமர்ந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம்.