திரட்டின் நியாயம்

டி. எம். சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் சூலமங்கலம் சகோதரிகளும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு இசைத்தட்டுகளுக்குப் பாடிய முருகன் பாடல்கள், ஒலிநாடாவாகவும் பின்பு குறுந்தகடாகவும் ஒரே உறைக்குள் திரண்டு, திருத்தணி போன்ற தலங்களின் அடிவாரக் கடைகளுக்கு வந்ததை வெறும் வியாபார தந்திரமென்று இகழ்வாருண்டு. ஒலிப்பதிவுச் செலவு முன்னமே தீர்ந்துவிட்டபடியால் புதிய உறையில் வருவது பெரும்பாலும் லாபமே என்பது மெய். 1976-இல் வெளியான ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் திரட்டு, அக்குழுவின் மற்றெல்லாத் தட்டுகளையும் விற்பனையில் விஞ்சிற்று. ஆயினும், இன்று கிடைக்கும் திருப்புகழ்ப் பாக்களே 1,300-க்குக் குறையாதிருக்க, டிசம்பர் 31 அன்று திருத்தணியின் திருப்படித் திருவிழாவில் 365 படிகளையும் பாடிக்கொண்டே ஏறும் பக்தர் அத்தனையையும் நாவில் ஏற்றிக்கொள்வது சாத்தியமா? எழுநூற்றுக்கு மேற்பட்ட தேவாரப் பதிகங்களிலிருந்து 25-ஐ மட்டும் பொறுக்கியெடுத்த அகத்தியர் தேவாரத் திரட்டை லாப நோக்கென்று எவரும் பழித்ததில்லையே! என் ஆட்சேபம் வேறு: வேலவன் திருவுருவத்தைப் பல வர்ணங்களில் பெரிதாக அச்சிடும் இவ்வுறைகள் பலவற்றில், பாட்டை இயற்றியவர் பெயருக்கும் இசையமைத்தவர் பெயருக்கும் ஓரங்குல இடந்தானும் ஒதுக்கப்படுவதில்லை, முதற்பதிவு வெளிவந்த ஆண்டைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்.