முதலில் பிரேக், பிறகு பாயிண்ட்

''பழைய டி.வி.எஸ். 50 வண்டியில் தினமும் விடியற்காலை அரளிப்பூ மூட்டையை சேலம் மார்க்கெட்டுக்குக் கொண்டு போகிறேன். கிளம்பும்போது லேசில் ஸ்டார்ட் ஆவதில்லை, சூடானால் நின்றுவிடுகிறது. பிரேக்கும் சரியாகப் பிடிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்யப் பணமில்லை. எதை முதலில் பார்ப்பது?''

- வாசகர், பனமரத்துப்பட்டி.

முதலில் பிரேக்கைப் பாருங்கள். வண்டி கிளம்பாவிட்டால் ஒருநாள் பூ விலை போகும். நிற்காவிட்டால் உயிர் போகும். 40 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. மூட்டை ஏற ஏற, நிற்கும் தூரமும் கூடும்.

கேபிளை முறுக்கி முறுக்கி டைட் செய்வது தீர்வாகாது. பிரேக்கை முழுவதும் பிடித்து, சக்கரத்தருகே பாருங்கள். கேபிளுக்கும் அது இழுக்கும் ஆர்முக்கும் இடையிலான கோணம் 90 டிகிரியைத் தாண்டினால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஷூவை ஜோடியாகவே மாற்றுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். எண்ணெயோ கிரீஸோ பட்ட ஷூ உதவாது. டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்து இக்னிஷன். நோய் தெரியாமல் மருந்தடிப்பது போல, கண்ட பாகத்தையும் வாங்கி மாற்ற வேண்டாம். சூடாகி நின்ற அந்த நேரத்திலேயே சோதியுங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, கேப்போடு சேர்த்து இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து, பெடலை மிதியுங்கள். பொறி நீலமாக, பலமாக வந்தால் கோளாறு பெட்ரோல் பக்கம். டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் கார்புரேட்டரையும் பாருங்கள். பொறி சிவந்து மங்கலாக இருந்தாலோ, வராவிட்டாலோ முதலில் வேறு நல்ல பிளக் போட்டுப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் கண்டன்சர் அல்லது காயில் மீது சந்தேகம். பாயிண்ட் அடிக்கடி கருகினால் பெரும்பாலும் கண்டன்சர்தான்.

கருகிய பாயிண்டை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துணியால் துடைக்கலாம். குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி பொதுவாக 0.4 மி.மீ. அளவில் இருக்கும். அது மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால், மெக்கானிக்கிடம் இரண்டையும் சேர்த்தே சரிபார்க்கச் சொல்லுங்கள். சி.டி.ஐ. உள்ள வண்டிகளில் பாயிண்ட் கிடையாது.

புது ஷூ டிரம்மோடு படியச் சில நாள் ஆகும். அதுவரை பாதி மூட்டையோடு, மெதுவாகவே போங்கள்.