மணி பெருகின் காவல் பெருகுமா?

தொழிற்சாலை மணிகளுக்கும் தமிழாசிரியருக்கும் யாது தொடர்பு என அன்பர் சிலர் வினவுதல் கூடும். தொடர்பு உண்டென்பதே எமது துணிபு. எச்சரிக்கை என்பது ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் சொல். சொல்பவர் பொறியியலாளர்; கேட்பவர் நள்ளிரவிற் கட்டுப்பாட்டறையில் விழித்திருக்கும் தொழிலாளி; இடையே தூது செல்வது கணினி. சொல்லின் தகுதியை ஆராய்தல் எம் தொழிலுக்குப் புறம்பானதன்று.

இக்காலத் தொழிற்சாலைகளில் வெப்பம், அழுத்தம், திரவத்தின் மட்டம், ஓட்டம் முதலியவற்றை உணரிகள் இடையறாது அளந்து கணினிக்கு அனுப்புகின்றன. ஒவ்வோர் அளவுக்கும் மேலெல்லையும் கீழெல்லையும் வகுத்து, எல்லை கடந்தவழி மணி ஒலிக்கச் செய்வர். முற்காலத்தில் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கம்பியும், விளக்கும், பலகையில் ஓர் இடமும் வேண்டியிருந்தன. ஆதலின் எதற்கு மணி வேண்டும் என எண்ணிப் பார்த்தே அமைத்தனர். இன்றோ திரையில் ஓர் எண்ணை இட்ட அளவில் ஒரு மணி பிறந்துவிடுகின்றது. செலவு குறைந்தது; அதனோடு சிந்தனையும் குறைந்தது.

இதன் விளைவை உலகம் கண்டதுண்டு. 1994ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் மில்போட் ஹேவனில் இருந்த டெக்சாக்கோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், இடிமின்னலாற் பல பகுதிகள் நிலைகுலைந்தன. மூடிக் கிடந்த ஒரு வால்வைத் திறந்திருப்பதாகவே திரை காட்டிற்று. வெடி நிகழ்வதற்கு முந்திய 11 நிமிடங்களில், இருவர் 275 மணிகளைக் கேட்டு, உணர்ந்து, செயற்படவேண்டியிருந்தது. ஏறத்தாழ இரண்டரைச் செக்கனுக்கு ஒரு மணி! எவரால் இயலும்? 26 பேர் காயமுற்றனர். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலின் உயிர்கள் தப்பின. ஆங்கே மணிகள் இல்லாமையன்று குறை. மிகையாய் ஒலித்தமையும், தலையாயது எது, கடையாயது எது என்னும் வேறுபாடு இன்மையுமே குறை.

இதன்பின் பிரித்தானியாவில் 1999இல் வெளிவந்த ஈமுவா 191 என்னும் வழிகாட்டி நூல், இயல்பான வேளையிற் சராசரி 10 நிமிடங்களுக்கு ஒரு மணிக்கு மிகாதிருத்தல் நன்றென வகுத்தது. கேட்டவர் செய்யவேண்டிய செயல் ஒன்று இருந்தாலன்றி மணி ஒலித்தலாகாது என்பதே அதன் உயிர்நாடி. செயல் வேண்டாத செய்தியைப் பதிவேட்டில் எழுதிவைத்தல் போதும். வள்ளுவப் பெருந்தகை பயனில சொல்லாமைக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்தனர். அவ்வறம் மாந்தர் நாவுக்கு மட்டும் உரியதன்று.

ஆகவே எல்லை வகுப்போர் ஒவ்வொரு மணிக்கும் சில வினாக்களை விடுத்தல் வேண்டும். இது ஒலித்தால் யார் யாது செய்வார்? அதனைச் செய்தற்கு எத்துணை நேரம் உண்டு? செய்யாதொழியின் நேருங் கேடு யாது? முதல் வினாவுக்கு விடை இல்லையெனின் அம்மணி வேண்டா. இரண்டாவதன் விடை எல்லையை எங்கே வைப்பதெனக் காட்டும். பின்னிரண்டும் சேர்ந்து அதன் முதன்மையைக் காட்டும். 80 பாகையில் ஒலிக்கும் மணி, 79.9இல் அடங்கி மீண்டும் 80இல் ஒலித்து அலைக்கழியாவண்ணம், 78க்கு இறங்கிய பின்னரே அடங்குமாறு இடைவெளி அமைத்தல் நன்று. சொற்களும் தெளிவாதல் வேண்டும். 'மட்டம் பிழை' என்பது வெற்றொலி; '3ஆம் தாங்கி நிரம்புகின்றது, உள்வரும் வால்வை மூடுக' என்பதே எச்சரிக்கை.

மணிகளைக் குறைத்தால் வேண்டிய ஒன்று விடுபடாதோ என்பர் சிலர். அவ்வச்சம் இகழத்தக்கதன்று. 2005 டிசம்பர் 11இல் இங்கிலாந்தின் பன்ஸ்பீல்டில் ஒரு பெற்றோல் தாங்கியின் மட்டமானி இறுகி நின்றது. அதனை நம்பியிருந்த மணிகள் ஊமையாயின. தனியே அமைத்திருந்த இறுதிக் காவற்பொறியும் செயற்படவில்லை. தாங்கி வழிந்து, வெடித்து, 43 பேர் காயமுற்றனர். ஆயினும் ஆங்கு இறுகிய அம்மானியோடு இன்னும் பத்து மணிகளைப் பிணைத்திருப்பினும் பத்தும் ஊமையாகவே இருந்திருக்கும். உள்ள சிலவற்றை ஒழுங்காகச் சோதித்தலே காவல்.

உண்மையில் மணிகள் பெருகுதற்குக் காரணம் பிறிதொன்று என்பது எமது கருத்து. விபத்தின்பின் 'ஏன் மணி வைக்கவில்லை?' எனக் கேட்போர் பலர். 'ஏன் இத்துணை மணி வைத்தீர்?' எனக் கேட்போர் மிகச் சிலர். ஆதலின் அமைப்போர் தம்மேற் பழி வாராமைக்கு மணி வைக்கின்றனர். அப்பழி கேளாதவன் எனக் குற்றஞ்சாட்டப்படும் தொழிலாளியின் தலையில் விழுகின்றது. இது காவலன்று, சுமையை மெலியவர்மேல் இறக்குதலாகும்.

எம் கல்லூரியிற் கற்றுப் பொறியியற்றுறை புகுந்த அன்பர்களே, புகவிருக்கும் மாணவச் செல்வங்களே! ஓர் எல்லையைக் கணினியில் இடுமுன், இரவு மூன்று மணிக்கு அதனைக் கேட்கப்போகும் ஒருவரை நினைமின். இயலுமாயின் அவரையே அழைத்து, அருகிருத்தி, அவர் கருத்தைக் கேண்மின். அவர் எழுந்து செய்தற்கு உரியதொன்று இருந்தால் மட்டும் மணியை ஒலிப்பிமின்.