பயிற்சி யாருக்குத் தேவை? தலித் பெண் ஊராட்சித் தலைவர்களும் இரண்டாவது கையெழுத்தும்

உள்ளாட்சிப் பதவிகளில் உள்ள பெண்களின் தலைமைத்திறனை வளர்க்கவென்று, 2025 மார்ச்சில் ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் ‘சஷக்த் பஞ்சாயத் நேத்ரி அபியான்’ என்னும் பயிற்சி இயக்கத்தைத் தொடங்கியது. பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை. கூச்சமும் கணவரின் தலையீடுமே பெண் தலைவரின் தடைகள் என்னும் எண்ணத்தோடுதான் நமக்கு வழக்கு.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சிக் கூட்டத்தில் தலித் பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்டார்; மற்றவர்கள் நாற்காலிகளில் இருந்தனர். அதே ஆண்டு சுதந்திர நாளில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தின் தலித் பெண் தலைவர் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். இவர்களிடம் குறைந்தது தன்னம்பிக்கையா?

கண்ணுக்குத் தெரியும் நாற்காலியைவிடக் காசோலை கொடியது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் பிரிவு 188, ஊராட்சி நிதிக்கான காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையெழுத்திட வேண்டும் என்கிறது. தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. ஆகவே தனித்தொகுதி ஊராட்சிகளிலும் அந்த இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினரிடமே சென்று சேர்கிறது. அவர் கையெழுத்திட மறுத்தால் மோட்டார் பழுது பார்க்கப்படாது, தெருவிளக்கு எரியாது. ஊர் யாரைத் திட்டும்? தலைவரைத்தான். பிறகு ‘நிர்வாகத் திறமையற்றவர்’ என்று புகார் மனு எழுதப்படும். பிரிவு 205இன்கீழ்ப் பதவி நீக்க நடவடிக்கையும் தொடங்கலாம். திறமையின்மை இவ்வாறுதான் உற்பத்தி செய்யப்படுகிறது.

சட்டத்தில் மருந்து இல்லாமலில்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரின் கடமைக்கு இடையூறு செய்வதை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(எம்) குற்றமாக்கியுள்ளது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த பிரிவு இது. கடமை தவறும் அரசு ஊழியரைத் தண்டிக்கப் பிரிவு 4 இருக்கிறது. இவ்விரண்டையும் தலைவருக்குக் கற்பிக்காத பயிற்சி, மேடைப் பேச்சுப் பயிற்சியாகவே எஞ்சும். துணைத் தலைவரும் ஊராட்சிச் செயலரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் அதே அரங்கில், அதே வரிசையில் அமர்ந்து இவற்றைக் கேட்க வேண்டும்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. அடுத்த தலைவர்கள் பதவியேற்கும் முன்பே பிரிவு 188 திருத்தப்பட வேண்டும்: கையெழுத்திட மறுக்கும் துணைத் தலைவர் ஏழு நாள்களுக்குள் எழுத்து மூலம் காரணம் கூற வேண்டும்; கூறாவிடில், தலைவரின் கையெழுத்தே போதும்.