தையற்பெட்டியில் வைத்தியரின் இடுக்கி

பஞ்சு வைத்த தடித்த போர்வையைத் தைக்கையில் ஊசி நடுவே இறுகிக்கொள்வதும், அதை இழுத்து விரல் நோவதும் சகோதரிகள் அறிந்தவையே. சத்திரசிகிச்சையில் இரத்தக்குழாயைப் பற்றும் இடுக்கி இங்கே பெரிதும் உதவும். கைப்பிடியிலுள்ள பற்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால் பிடி தளராது. கூர் மழுங்காதிருக்க ஊசியின் முனையை விடுத்துத் தண்டைப் பற்றி இழுத்தல் நன்று. ஒடுங்கிய துணிக்குழாயுள் இடுக்கியை நுழைத்து, மறுமுனையைக் கௌவி இழுத்தால், நாடா எளிதிற் புரளும்.

ஆயின், வைத்தியசாலையிற் பாவித்துக் கழித்தவற்றை வாங்கலாகாது. மூட்டிடுக்கிலே தங்கிய இரத்தக் கறை நோய் பரப்பக்கூடும். புதியதையே வாங்குக, பிள்ளைகளின் கைக்கெட்டாது வைத்திடுக.

வைத்தியரின் கருவியை நாம் இரவல் கொள்வதில் நாணமில்லை. பிரான்சின் லியோன் நகரில் பூத்தையற்காரி ஒருவரிடம் நுண்தையல் பயின்ற வைத்தியர் அலெக்சிஸ் கரெல், இரத்தக்குழாய்களைத் தைத்திணைக்கும் முறை முதலிய ஆராய்ச்சிகளுக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றார். தையற்கலை அன்று கொடுத்த கடனே இன்று இடுக்கியாய்த் திரும்புகின்றது.